மில்வாக்கியில் ஜனவரி

காலை ஏழே கால்.
எட்டாம் தடத்துக்கு இன்றும் ஓட்டுநர் இல்லை.
தொலைபேசி ஓய்வதில்லை,
என்னிடம் இருப்பது ஒரே பதில்:
தாமதமாகும்.
எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஏழாம் வகுப்பில் முப்பத்தொரு பெயர்,
பத்தொன்பது தலை.
கணக்கு ஆசிரியை நவம்பரில் போனார்;
மேசையில் அவர் விட்டுப்போன காப்பி வட்டம்.
உடற்பயிற்சிக்கு வந்த டெல்ஃபார்ட்
இன்று பின்னங்கள் நடத்துகிறார்,
நான்காம் வகுப்பில் முடித்திருக்க வேண்டியதை.
பந்தைப் பாதியாக்கினால் விளையாட முடியாது சார்
என்கிறான் கடைசி வரிசைப் பையன்.
அவருக்கும் பதில் தெரியவில்லை.

அந்த வருடத்துப் பணத்தில் வாங்கிய
காற்று வடிகட்டி மூலையில் நிற்கிறது.
பணம் தீர்ந்தது, வடிதாளும் தீர்ந்தது.
யாரோ அதற்கு இரண்டு கண் வரைந்திருக்கிறார்கள்.

பதினோரு மணித் தபாலில்
மூடப்போகும் பள்ளிகளின் பட்டியல்.
பதின்மூன்றாவது நாங்கள்,
எழுத்துப்பிழையோடு.

மதியம் பனியில் கதவு தட்டப் போனேன்.
பாகூ வாங்.
நாற்பத்திரண்டு நாள் வரவில்லை.
திறந்தவள் அவளேதான், இடுப்பில் தம்பி.
அம்மாவுக்குப் பகல் ஷிப்ட்.
பள்ளி கொடுத்த மடிக்கணினி அடுப்பு மேடையில்,
அதன்மேல் சோற்றுப் பானை.

சூடு தாங்குது மிஸ், என்றாள்.
பிறகு, வெகுநேரம் யோசித்து:
"வகுப்புக்கு வந்தா
கேமராவை அணைச்சு வெச்சுக்கலாமா?"

தம்பி என் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தான்.
முகத்தைச் சொல்கிறாள் என்று புரிய
எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கடைசி வரிசை காலிதான் என்றேன்.
வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

அவளுடையது எட்டாம் தடம்.
நான் அதைச் சொல்லவில்லை.