அம்பு

பாயான் லெபாஸில், எங்கள் லைனில்,
தவமலரைப் பற்றிப் பேச ஒரு மொழி போதாது.
காக்கா பிடிக்கிறாள் என்பேன் நான்.
காலையும் கையையும் பிடிப்பதுதான் தேய்ந்து காக்காவானது
என்று யாரோ சொன்னார்கள், நம்பவில்லை.
நான் பார்த்தேனே,
அவள் தோளில் கறுப்பாக, தலையைச் சாய்த்துக்கொண்டு.

ஐஸ் வைக்கிறாள் என்பாள்
சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் பெண்.
இந்த ஊர் வெயிலில் எத்தனை நேரம் நிற்கும் அது.
போடேக் என்பான் பேக்கிங் ஹஃபிஸ்.
காக் ரோஸ்னா மட்டும்
அம்பு என்பாள்.

மலாய்ச் சொல்தான்.
ஒன்பது வருடம் என் காதில் தமிழாகவே விழுந்தது.
வில்லை வளைக்கிறாள் தவமலர்.
மிஸ்டர் ஊயின் டையில்,
இளைத்துவிட்டதாகச் சொல்லி அவர் தொப்பையில்,
மகன் வாங்கிய ஒன்பது ஏ-க்களில் ஒவ்வொன்றாக.
ஒன்றும் குறி தப்பியதில்லை.
நைட் ஷிப்ட் அவளுக்கு வந்ததே இல்லை.

எனக்கும் வாய் இருந்தது.
போன மழையில் மூன்றாம் நம்பர் மெஷின் நின்றபோது
சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே குனிந்தார்.
நாற்பது நிமிடம். ஓடிவிட்டது.
பிரமாதம் சார் என்று சொல்லப் போனேன்,
உள்ளிருந்துதான் வந்தது,
பக்கத்தில் ஹஃபிஸ் நின்றான்.
டீ டைம் ஆச்சு சார் என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர் ரிட்டையர் ஆனார்.
கேன்டீனில் பாண்டான் கேக்.
புது மேனேஜரின் ஜோக் முடிவதற்குள்
ஹஃபிஸ் சிரித்தான்.
நானும்.

இந்தக் கோடியில் தவமலர்:
டை நல்லா இருக்கு சார்.
டையில் பழைய கீச்சாப் கறை.
கொடுப்பதற்கு அவரிடம்
ஷிப்டும் இல்லை, லீவும் இல்லை.
கறையின் மேல் விரலை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

கேக்கைத் தூக்கினார்கள். அட்டை நடுவில் மடங்கியது.
அம்பு, அம்பு!
கத்தியது காக் ரோஸ்னா.
திட்டுகிறாள் என்று நான் திரும்புவதற்குள்
தவமலர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து
அடியில் கொடுத்திருந்தாள்.
முழங்கை வரை பச்சைக் க்ரீம்.

விழாமல் கீழிருந்து தாங்கினால்
அதற்கும் அம்புதானாம்.
அதற்குத்தான் முதலில் என்றாள் ரோஸ்னா,
கத்தியைத் துடைத்தபடி.

திங்கட்கிழமை நைட் ஷிப்ட் பட்டியல் ஒட்டினார்கள்.
முதல் பெயர் தவமலர்.
என் பெயரை
இரண்டு முறை தேடினேன்.
இல்லை.