வித்தவுட்

ஏற்காடு ஏறுகிற முதல் டிரிப்.
மூன்றாவது சீட்டில் யாரோ விட்டுப்போன வார இதழ்,
மடிப்புக்குள் வேர்க்கடலைத் தோல்.
அடிவாரம் செக்போஸ்ட்டில் வண்டி நின்றபோது பிரித்தேன்.
மலைக்குப் போகும் பேருந்து பற்றி நான்கு பக்கக் கட்டுரை.
அட, என் வண்டி.
இதில் எனக்குத் தெரியாதது என்ன இருந்துவிடும்?

பத்தொன்பது வருஷமாய் நான் கேட்டுப் பழகியது
எங்கே ஏறினே, எங்கே இறங்கணும்,
காசு யார் தர்றது, அந்த மூட்டை யாருது.
வரிகளிடமும் அதையே கேட்டுக்கொண்டு போனேன்.

'மலைமக்கள் எளிமையானவர்கள் எனக் கருதப்படுகிறது.'
கருதினது யாரு?
இந்தப் 'படுகிறது' பின்படிக்கட்டில் தொங்குகிற ஆள்.
டிக்கெட் கேட்டால்
முன்னால எடுத்தாச்சு என்று கை காட்டும்.
முன்னால் போய்ப் பார்த்தால்
அப்படி ஒருவரும் இல்லை.
வித்தவுட். ஒரு கோடு போட்டேன்.

'எப்போதும் நிரம்பி வழியும் பேருந்து.'
மே மாசம் பூக்கண்காட்சிக்கு வந்திருப்பார்.
ஜூலை மழையில்
நாலு பேரும் ஒரு கோழியுமாய்
நாங்கள் ஏறியதை அவருக்கு யார் சொல்வது?
கோடு.

'அடர்ந்த காடு' என்ற இடத்தில் சிரித்துவிட்டேன்.
ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கிற சில்வர் ஓக்,
அதன்மேல் மிளகுக்கொடி, அடியில் காப்பிச்செடி.
எஸ்டேட்டுங்க அது.
கடைசிப் பக்கம் அரைப்பக்கத்துக்கு ஒரு விடுதி விளம்பரம்.
திருப்பினால், இரண்டாம் பத்தியில்
அதே விடுதியில் உட்கார்ந்து அவர் காப்பி குடிக்கிறார்.
மூட்டை யாருது என்று
வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எட்டாவது வளைவுக்குள் பக்கமெல்லாம் கோடு.
கண்ணாடியில் பார்த்த டிரைவர் அர்த்தநாரி,
"என்னய்யா, பரீட்சைப் பேப்பரா?"
"ஃபெயிலு" என்றேன்.

அப்புறம்தான் அந்த வரி:
'கண்டக்டர் பக்கத்தில் வந்தால்
கூலிக்குப் போகும் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.'

என் வண்டியிலா?
நாகலூர் வெள்ளையம்மா ஏறினால்
இஞ்சின் சத்தம் கேட்காது.
பேனா கிழிக்கிற அளவுக்கு இரண்டு கோடு போட்டு
ஓரத்தில் பெரிசாய் எழுதினேன்: பொய்.

சாயந்திரம் இறக்கம். ஒண்டிக்கடையில் அவர்கள் ஏறினார்கள்.
கூலிக்கணக்கு, யாரோ மேஸ்திரி, ஒரு சிரிப்பு.
பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.
ஒரு சீட் நான் நகர்ந்தால்
எனக்கு முன்னால் ஒரு சீட் அடங்கியது.
கடந்து போன சீட்டில்
பேச்சு மெல்ல மறுபடி ஆரம்பித்தது.
திரும்பி நடந்து பார்த்தேன்.
அப்போதும் அப்படியே.
பத்தொன்பது வருஷம்
நான் கேட்டதெல்லாம் தூரத்துப் பேச்சு.

'பொய்' எழுதினவன் எங்கே ஏறினான்
என்று நான் கேட்கவே இல்லை.
இந்த வண்டியில் தினமும்
டிக்கெட் இல்லாமல் போகிறவன் ஒருத்தன்தான்,
பை மாட்டியிருப்பதால் அவனை யாரும் கேட்பதில்லை.

பால்பாயிண்ட், அழியாது.
அடியில் எழுதினேன்:
'பார்த்தேன். நிஜம்தான். ஏன் என்று இவர் எழுதவில்லை.'
அதற்காக எஸ்டேட் காடாகிவிடாது,
விடுதிக் காப்பியும் சும்மா வந்ததாகாது.
அந்தக் கோடுகள் அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் இதழ் அதே மூன்றாவது சீட்டில் கிடந்தது.
வெள்ளையம்மா எடுத்துப் பிரித்து
பதினோராம் வளைவுவரை படித்தாள்,
கட்டுரையை, அப்புறம் என் கையெழுத்தை.
"பேனா குடு" என்றாள்.
'பார்த்தேன்' என்பதன் கீழே
ஒரு கோடு போட்டு
பேனாவைத் திருப்பித் தந்தாள்.