படகு வழி

பாலத் திறப்பு விழாவின் தபால்தலை.
லட்சக்கணக்கில் அச்சடித்திருக்கிறார்கள்.
மொண்டேவீடியோவின் ஞாயிற்றுச் சந்தையில்
கைநிறைய அள்ளினாலும் ஒரு காப்பிக் காசு ஆகாது.
நான்கு வளைவு, கீழே ஆறு.
ஆற்றின்மேல் ஓவியர் ஒரு படகைக்கூட வரையவில்லை.

எனக்கு வேண்டியது அது ஒட்டியிருந்த உறை.

குர்பேலோவின் கடையில், துருப்பிடித்த சாவிகளுக்கும்
கழுத்தொடிந்த பொம்மைகளுக்கும் நடுவே
செருப்புப் பெட்டிக்குள் கிடந்தது.
"கறை இருக்கிறதே, பாதி விலை கொடுங்கள்" என்றார்.
கறைக்காகத்தான் வாங்குகிறேன் என்றால்
இரட்டிப்பாக்கிவிடுவார்.
முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்தேன்.

பல் கட்டுவது என் பிழைப்பு.
யாருடையதோ கடைவாய்ப்பல்லை மெழுகில் செதுக்கும்
அதே விளக்கு, அதே இடுக்கி.
இரவு பதினொன்றுக்கு உறையைத் திருப்பினேன்.

முன்பக்க முத்திரை: இக்கரை, பதினேழாம் தேதி.
பின்பக்க முத்திரை: அக்கரை, இருபத்துமூன்று.
பாலத்தில் நடந்தாலே கால்மணி நேரம்தான்.
ஆறு நாள் எங்கே போயிருந்தாய்?

பழைய செய்தித்தாள் புரட்டியதில்
இரண்டு சனிக்கிழமை கரைந்தது.
விழாவுக்கு முந்தின இரவு வெள்ளம்.
பாலத்துக்கு ஏறும் சாலையை ஆறு தின்றுவிட்டது.
மந்திரி வரவில்லை.
முரசுக்காரர்கள் நனைந்த தோலோடு வீடு திரும்பினார்கள்.
ஸ்டாம்பு மட்டும் நாள் தவறாமல் வெளியானது.
இல்லாத வழியின் படத்தை ஒட்டிக்கொண்டு
கடிதங்கள் மூட்டைக்குள் காத்துக் கிடந்தன.

பிறகுதான் பார்த்தேன்,
உறையின் மூலையில், நீலப் பென்சிலில், இரண்டே சொல்:
படகு வழி.

அந்தக் கொக்கி போட்ட எழுத்து
பின்பக்கமும் இருந்தது, அனுப்பியவர் பெயரில்:
எலாடியோ சில்வேரா, படகோட்டி, பழைய துறை.
பெறுபவர்:
மேலாளர், பாலத்துச் சுங்கச்சாவடி.

வேலை கேட்டிருப்பானா? வைதிருப்பானா?
உறை காலி.
காசு கொடுத்து ஸ்டாம்பு ஒட்டி,
வரிசையில் நின்று பெட்டியில் போட்டு,
வெள்ளம் வடிந்த ஆறாம் நாள்
மூட்டையோடு அதையும் ஏற்றித்
தானே துடுப்புப் போட்டிருக்கிறான்.
கறை, அன்றைக்கு அவன் காலடியில் தேங்கிய ஆற்றுநீர்.
அல்லது குர்பேலோ உறிஞ்சும் மாத்தே கஷாயம்.
சத்தியம் பண்ண மாட்டேன்.

கழகக் கண்காட்சியில் வெண்கலம் கொடுத்தார்கள்.
நடுவர் பெர்தோமோவின் குறிப்பு:
"ஓரத்தில் இரண்டு பல் குறைவு."
என்னிடம் சொல்கிறார், பல்லைப் பற்றி.

வீட்டுக்கு வந்து என் முதல் ஆல்பத்தைத் திறந்தேன்.
அதே பாலம், பத்து ஸ்டாம்பு,
ஒரு பல்கூடக் குறையாமல்.
பதினாறு வயதில் வெந்நீர்க் கிண்ணத்தில் ஊறப்போட்டு
உறையிலிருந்து உரித்தவை.
காகிதம் அடுப்புக்குப் போனது.
பேரும் ஊரும் நீலமாய்க் கரைந்த தண்ணீரை
முற்றத்து எலுமிச்சைக்கு ஊற்றினேன்.

அந்த வருஷம்
நன்றாகவே காய்த்தது.