துவைக்காத பதினொரு நாள்

டிராம் பணிமனையில்
வெந்நீர்க் குழாயின் அடியில் கிடந்ததாம்.
காலணிப் பெட்டிக்குள் வைத்து
என் கையில் திணித்தாள் ஸ்மைட்ரா.
"உன் வீட்டில்தான் யாருமில்லையே."

உண்மைதான்.
ஆனாலும் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம்.

ரீகாவில் நவம்பர்.
நாலு மணிக்கெல்லாம் தெருவிளக்கு.
நாலாவது மாடி வரை
பெட்டி என் நெஞ்சோடு நடுங்கிக்கொண்டே வந்தது.
திறந்தேன்.
சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடியது,
அவ்வளவுதான் பார்த்தேன்.
குளியலறையில்
துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால்
என் இரண்டு விரல் நுழையாத இடுக்கில்
முழுதாகப் போய்விட்டது ஓர் உயிர்.

அன்றிரவு
குட்டி போட்ட பூனைபோல்
குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்
நான்.
குட்டி அசையவில்லை.

கால்நடை மருத்துவர் தொலைபேசியில் சொன்னார்:
ஓர் அறை போதும்.
முழு வீட்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள்.
தண்ணீர் ஒரு மூலை, மணல்தட்டு எதிர் மூலை.
நீங்கள் உடுத்திக் கழற்றிய சட்டை ஒன்று.
கூப்பிடாதீர்கள், உற்றுப் பார்க்காதீர்கள்.
பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.
"யாரோடு?"
"யாரோடாவது."

ஓட்டின் குளிர் எலும்பில் ஏற
தரையில் உட்கார்ந்தேன்.
என்ன பேச?
பத்தொன்பது வருடம் டிராம் ஓட்டுகிறேன்.
முன்பெல்லாம் நிறுத்தங்களை நானே அறிவிப்பேன்.
இப்போது ஒலிப்பதிவில் ஒரு பெண் சொல்கிறாள்,
என்னைவிடத் தெளிவாக.
நான்கு வருடமாக என் தொண்டைக்கு வேலையில்லை.

அதனால் சொன்னேன்:
அடுத்த நிறுத்தம், மீன் சந்தை.
கதவுகள் மூடப்படுகின்றன.
அடுத்த நிறுத்தம், கண்ணாடித் தொழிற்சாலை
(அதை இடித்து ஏழு வருடம்,
பெயர் மட்டும் அங்கே நிற்கிறது).
அடுத்தது, பிரசவ மருத்துவமனை,
மெதுவாக இறங்குங்கள், படியில் பனி...

இயந்திரத்தின் பின்னாலிருந்து
ஒரு தும்மல்.
குண்டூசி விழுந்த அளவு.

பிறகு எப்படிப் போடுவேன் இயந்திரத்தை?
சீருடைச் சட்டையைத் தொட்டியில் கசக்கினேன்,
விரல் முட்டி வெடித்தது.
அடுப்படியில் கயிறு கட்டி உலர்த்தினேன்,
சூப்பில் சொட்டியது.
மேற்பார்வையாளர் விஸ்வால்டிஸ்
என் சுருங்கிய காலரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்:
"வீட்டில் ஏதாவது பிரச்சினையா?"
"விருந்தாளி வந்திருக்கிறாள்."
மதியத்துக்குள் பணிமனை முழுக்கப் பரவிவிட்டது.

ஐந்தாம் நாள் விடியலில் தட்டு காலி.
மணலில் ஒரு சிறு மேடு.
வாழ்க்கையில் எதையும்
அத்தனை மகிழ்ச்சியோடு நான் அள்ளிக் கொட்டியதில்லை.

ஏழாம் நாள்
மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த மூக்கு
உள்ளே போயிற்று.
மறுபடி மீன் சந்தை.
மறுபடி கண்ணாடித் தொழிற்சாலை.

பதினொன்றாம் இரவு, அலுப்பில்,
பாதி வழியை விழுங்கிவிட்டு
கடைசி நிறுத்தம் என்றேன்.
எல்லோரும் இறங்கவும்.

இறங்கினாள்.
ஒட்டடை மீசையில், ஒரு காது மடங்கி,
என் முழங்காலை மேசைக்காலைத் தாண்டுவதுபோல் தாண்டி
காலுறையின் ஓட்டையில் தெரிந்த கட்டைவிரலை
முகர்ந்து
கடித்தாள்.
கால் மரத்துப் போயிருந்தது.
வலித்ததா என்று தெரியவில்லை.
நான் அசையவில்லை.

இப்போது இயந்திரம் சும்மா நிற்கிறது,
பின்னால் யாருமில்லை.
அழுக்குக் கூடைதான் காலியில்லை:
போர்வை, துண்டு, பதினொரு நாள் காலுறைகள்,
அவற்றின் மேல்
வயிறு ஏறி இறங்க
அவள்.