நியூட்ரல் கம்பி

கரோங்கா மாவட்ட ஆஸ்பத்திரியில்
கரண்ட் வேலை எனக்கு. பெயர் லுசுங்கு.

கிழக்கிலிருந்து வந்த ஸ்கேன் மெஷினின் பிளக்குக்குச்
சாய்ந்த கால்கள் மூன்று.
மேற்கிலிருந்து வந்த குறைமாதப் பிள்ளைப் பெட்டிக்குத்
தட்டையாய் இரண்டே கால்,
அதுவும் பாதி வோல்டேஜ்தான் தாங்கும்.
எங்கள் சுவரிலோ சதுரத் துளைகள்.

இனாமோடு ரிப்பன் வந்தது, கல்வெட்டு வந்தது,
கொடி அச்சிட்ட ஸ்டிக்கர் கட்டுக்கட்டாய் வந்தது.
அடாப்டர் வரவில்லை.
ம்ஸூஸூ சந்தையில் என் காசில் வாங்கினேன்.
ரசீது இன்னும் கணக்கர் மேசையில்.

செவ்வாய்க்கிழமை ஒரு தூதர் வந்தார்.
தங்கள் மெஷினைத் தடவியபடி
"அவர்கள் கொடுத்தது எப்படி ஓடுகிறது?" என்றார்.
வியாழக்கிழமை இன்னொருவர்.
அதே கேள்வி, வேறு சென்ட்.
மேட்ரன் ம்வெனிஃபும்போ இருவருக்கும்
ஒரே அளவு சர்க்கரை போட்டு டீ கொடுத்தாள்.

வெள்ளி இரவு ரேடியோ சொன்னது:
உலக மன்றத்தில் நம் நாடு
இந்தப் பக்கமும் கை தூக்கவில்லை,
அந்தப் பக்கமும் தூக்கவில்லை.
"மதில்மேல் பூனை" என்று சிரித்தான்
வாசல் காவலாளி க்வாங்வா.

க்வாங்வா,
நியூட்ரலைத் தொட்டால் பெரும்பாலும் ஷாக் அடிக்காது.
அதனால் அது சும்மா கிடக்கிறது என்கிறாய்.
போன மழையில் கம்பத்தில்
அது ஒன்று மட்டும் அறுந்ததே, மறந்துவிட்டாயா?
பேஸ் கம்பிகள் மூன்றும் முறுக்காய்த்தான் நின்றன.
ஒரு வார்டில் விளக்கு மங்க,
மறு வார்டில் பல்பு பல்பாய் வெடித்தது.
நீதான் கண்ணாடி பெருக்கினாய்.

அவன் கொஞ்சம் யோசித்தான்.
"சுவரில் இருக்கும் சதுரத் துளை
நம் அப்பன் தோண்டியதா?"

எனக்குப் பதில் வரவில்லை.
கொடி இறக்கிக்கொண்டு போனவன்
விட்டுப்போன துளை அது.
இன்னும் அதில்தான் சொருகுகிறோம்.

அப்போது கரண்ட் போனது.

ஜெனரேட்டர் எங்கள் கடனில் வாங்கியது.
இரண்டு பாரம் சுமக்காது.
இருட்டில் இரண்டு பிளக்கும் என் கையில்.
"எதை, மேட்ரன்?"
அவள் டார்ச்சை ஸ்டிக்கர் மேல் அடிக்கவில்லை.
பெட்டிக்குள் அடித்தாள்:
ஒரு கட்டைவிரல் அளவு பாதம்
அசைந்தது.

சொருகினேன்.

விடிந்தால் திங்கட்கிழமைக்குள்
யாரோ ஒரு தூதருக்கு
இது எட்டிவிடும்.
டீ போட வேண்டும்.
சர்க்கரை இருக்கிறதா பார்க்கணும்.