சாத்திய ஜன்னல்

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
குணமான பின் திரும்பியது,
பாதியில் விட்டதால் திரும்பியது,
மருந்து தோற்றுத் திரும்பியது.
தலைநகரிலிருந்து வந்த டாக்டர்
பேனாவை மூன்றின் மேலும் நடத்திப் பார்த்துவிட்டு
மொஹாபியிடம் கேட்டார்:
மாத்திரையை நடுவில் நிறுத்தினீர்களா?

மொஹாபி தலையாட்டினார்.

எட்டு மாதம் இடுப்பில் ஏறிய ஊசி
கிருமியோடு சேர்த்து
அவர் காதுகளையும் கொண்டுபோயிருந்தது.
காது போனவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள்.
சாப்பிட்டாச்சா, ஆமாம்.
குளிருதா, ஆமாம்.
உன் தப்புதானே,
ஆமாம்.

இரண்டாம் கட்டத்தில் டிக் விழுந்தது.

அறுநூற்று எட்டு நாள்
அவர் நாக்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தவள் நான்.
மொக்கோட்லோங் மலையில் பனி முழங்காலைத் தொட்ட ஆகஸ்டில்
வழுக்கி விழுந்த குதிரையை அங்கேயே விட்டுவிட்டு
நடந்து வந்தார்.
கம்பளியின் ஊக்கு உறைந்து கழற்ற வரவில்லை.
பதினாலு மாத்திரை. பிறகு வாந்தி.
முழுசாக வெளியே வந்ததை எண்ணி
அதே கணக்குக்கு மறுபடி கொடுப்பேன்.
வெல்கொம் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம்
கல்லையே விழுங்கின தொண்டை,
இது என்ன, என்பார்.

டாக்டரிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான்.
"எல்லா சிஸ்டரும் இப்படித்தான் சொல்கிறீர்கள்" என்றார்.
ஊர் என்னைக் கேட்கவே இல்லை.
பீரில் மாத்திரையை மறந்திருப்பான் என்றது.
மைத்துனன் வைத்த சூனியம் என்றது.
வீட்டில் அவர் தட்டு மறுபடி தனியானது.

சளி எல்லை தாண்டிப் போனது.
ஏழு வாரம் கழித்து ஒரு தாள் வந்தது.
மேலே பழைய கிருமியின் கோடுகள்,
கீழே புதியதன் கோடுகள்,
சோப்பு உறையில் இருக்குமே, அந்தப் பட்டைக்கோடு மாதிரி.
விரல் வைத்து ஒவ்வொன்றாக இறங்கினேன்.
நாலாவதிலேயே வழி பிரிந்தது.

பழையது செத்தேதான் போயிருந்தது.
அவர் விழுங்கியதில் ஒன்றுகூட வீணில்லை.
வந்திருப்பது வேறு யாருடையதோ.

யாருடையது?
அலமாரியில் இன்னொரு கோப்பு, அதே கோடுகள்.
தோஃபீலா. பதினேழு வயது.
பெயருக்கு 'வெறும் பொருள்' என்று அர்த்தம்.
முன்னால் பிறந்த இரண்டும் போனபின்
சாவு திரும்பிப் பார்க்காமலிருக்க வைத்த பெயர்.

உறவில்லை. ஒரே ஊரில்லை.
இருவரும் சேர்ந்து மூச்சுவிட்ட இடம் ஒன்றுதான்,
எங்கள் வாசலறை பெஞ்சு.

குணமான பிறகும்
ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார்,
குணம்தான் என்று கேட்டுப் போக.
அது ஜூலை.
அவள் இன்னும் பெயர் வைக்காத இருமலோடு
பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.
மெல்லிய ஸ்வெட்டர். உதடு நீலம்.
அவர் தன் கம்பளியின் ஒரு முனையை
அவள் முழங்காலுக்குத் தள்ளினார்.
நான் எழுந்து போய்
'ஜன்னலைத் திறந்தே வையுங்கள்' என்று
நானே ஒட்டிய போஸ்டருக்குக் கீழே
ஜன்னலைச் சாத்தினேன்.
ஹீட்டரை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.
மூன்று மணி நேரம்
அந்த அறை எவ்வளவு கதகதப்பாக இருந்தது.

நாலாவது கட்டம் படிவத்தில் இல்லை.
ஓரத்தில் எழுதி அனுப்பினேன்,
பதில் வரவில்லை.

இந்த வருஷம் ஊசி கிடையாது, மாத்திரை மட்டும்.
பனித்தூள் பதிவேட்டில் விழுந்து மை கரைகிறது,
பெஞ்சில் இருப்பவர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.
மொஹாபிக்கு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன்:
நீங்கள் நிறுத்தவில்லை. இது வேறொருவரிடமிருந்து வந்தது.
எழுத்துக்கூட்டி இரண்டு முறை வாசித்தார்.
மடித்துக் கம்பளிக்குள் ஊக்கில் குத்திக்கொண்டார்,
வீட்டில் காட்ட.

பிறகு, காது கேளாதவர்களின் அந்த உரத்த குரலில்,
"யாரோ அவர், அவரிடம் சொல்லிவிடாதே" என்றார்.

தலையாட்டினேன்.
நான் எழுதிய தாளில்
ஜன்னல் இல்லை.