காரணம் சொல்லிவிட்டு உட்காருகிறார்கள்

குதாயிசியில், அரசு சேவைக் கூடத்துக்கு எதிரே
மூன்றரை மீட்டர் என் கடை.
ஒரு முக்காலி, வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு.
ஜார்ஜியக் கடவுச்சீட்டுப் படத்தில்
கைவைக்கக் கூடாது. மருவோ தழும்போ பருவோ
இருப்பது இருந்தபடி.

விலை கேட்பதற்கு முன்பே
காரணம் சொல்லிவிடுகிறார்கள்.
நான் கேட்டதே இல்லை.

வால்நட், என்றாள் சியூரி.
நோன்பு முழுக்க வால்நட் அரைத்த கூட்டு,
அந்த எண்ணெய்தான் முகத்தில் எட்டிப் பார்க்கிறதாம்.
நோன்புக்கு முந்தி எடுத்த படம் என் கோப்பில் இருக்கிறது,
அதே கன்னம், அதே சிவப்பு.
காட்டவில்லை.

தலையணை உறை என்றான் ஒருவன்.
அழுக்கு என்றான் இன்னொருவன்,
நாளைக்கு ஒன்பது தடவை முகம் கழுவுகிறவன்,
கன்னம் பழைய ரொட்டிபோல் வெடித்திருந்தது.

பதினாறு வயதுப் பெண்,
முன்முடியை ஒதுக்கச் சொன்னதும் கை நடுங்கியது.
"தோழியின் டைரியைப் படித்துவிட்டேன்.
அடுத்த வாரமே ஆரம்பித்தது."
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் லென்ஸைத் துடைப்பதுபோல்
வெகுநேரம் குனிந்தே இருந்தேன்.

மல்ஹாசுக்கு முப்பத்தி நாலு.
பாத்துமி போகும் மினிபஸ்ஸை ஓட்டுகிறான்.
உட்கண்ணாடியைக் கூரை பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறான்,
பின்னிருக்கையில் அவன் முகம் தெரியக்கூடாது.
"யார் எங்கே இறங்குவார்கள் என்று
இருமலை வைத்தே சொல்வேன்" என்கிறான் பெருமையாக.
மீசை முளைத்தால் போகும் என்றார்களாம். முளைத்தது.
கல்யாணம் ஆனால் போகும் என்றார்களாம்.
ஆயிற்று, இரண்டு பிள்ளைகள்.
ஸ்கால்துபோ ஊற்றில் பதினோரு நாள் முகத்தை முக்கினானாம்.
டாக்டரிடம் போகவில்லையா என்றேன்.
"இதற்கா?"
சிரித்தான், வாயோடு சேர்த்துத்
தாடையையும் கையால் மூடிக்கொண்டு.

பக்கத்து வெளிச்சம் பள்ளத்தை ஆழமாக்கும்,
நேர் வெளிச்சம் நிரவிவிடும்.
விளக்கை எங்கே வைப்பதென்று
விதி அத்தனை கறாராகச் சொல்லவில்லை.
பத்தொன்பது வருஷத்தில் நான் செய்த திருட்டு
இந்த இரண்டு சாண் தான்.

போன மாதம் என் அட்டையே காலாவதியானது.
கதவைச் சாத்தி, டைமரை வைத்து
முக்காலியில் உட்கார்ந்தேன்.
பத்து, ஒன்பது என்று சிவப்புப் புள்ளி மினுங்க,
ஆளில்லாத கடையில் என் வாய் சொல்கிறது:
ராத்திரி தூக்கமில்லை, அதனால்தான்.

மல்ஹாஸ் தன் படத்தைத்
தூரத்தில் பிடித்துப் பார்த்தான், கிட்டத்தில் பார்த்தான்.
"இவ்வளவுதானா?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, "கேமரா பழசு போல" என்றான்.

எட்டு லாரியை எண்ணி வைத்தான்.
நாலு படத்தில் மூன்றை எடுத்துக்கொண்டான்.
நாலாவது இன்னும்
பசை டப்பாவின் அடியில் கிடக்கிறது.